சங்கத்தில் தன்னார்வலரா, துணைக்குழுவா, செயற்குழுவா?

சங்கத் தேர்தல் நெருங்கிவிட்டால் மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "இந்த வருஷம் நீங்க கமிட்டிக்கு வரணும் சார், புது ரத்தம் வேணும்" என்பார்கள். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பிறகு ஆண்டு முழுக்க வாட்ஸ்அப் குழுவில் மௌனமாக இருக்கும் பலரை எங்கள் மாவட்டக் கட்டடப் பொறியாளர் சங்கத்தில் பார்த்திருக்கிறேன். மருத்துவர், தணிக்கையாளர், வழக்கறிஞர் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் சொல்வதும் இதேதான். சங்கத்துக்கு உழைக்க கமிட்டி என்ற செயற்குழு ஒன்றுதான் வழி என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. உண்மையில் மூன்று வழிகள் உண்டு. மூன்றும் கேட்கும் உழைப்பு வேறு, கற்றுத்தருவது வேறு, தலையில் ஏற்றும் பொறுப்பு வேறு.

முதலாவது, நிகழ்ச்சிக்கு மட்டும் கைகொடுப்பது. கட்டுமானப் பொருள் கண்காட்சி, பொறியாளர் தின விழா, குடும்ப விழா போன்றவை. சில வாரம் ஓட்டம், அதோடு முடிந்தது. கையெழுத்து இல்லை, கணக்கு இல்லை. ஊருக்குப் புதிதாக வந்து தொழில் தொடங்கியவருக்கு இதைவிடச் சிறந்த அறிமுகம் கிடையாது. ஸ்டால்களைப் பிரித்துக்கொடுக்கும் வேலையில் இரண்டு நாள் நின்றால் சிமென்ட் டீலர் முதல் மின்பணி ஒப்பந்ததாரர் வரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் சங்கம் ஏன் அந்த மண்டபத்தை எடுத்தது, கட்டணத்தை யார் முடிவு செய்தார்கள் என்பதெல்லாம் கடைசிவரை உங்களுக்குத் தெரியவராது.

இரண்டாவது துணைக்குழு, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைக் கவனிக்கும் சிறு குழு. என் ஓட்டு இதற்குத்தான். ஒரு சங்கம் உறுப்பினருக்கு உண்மையில் பயன்படுவது இங்கேதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓர் உதாரணம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனடி அனுமதி. செய்தி வந்த அன்றே உறுப்பினர்களிடமிருந்து கேள்விகள் குவிந்தன. அனுமதிக்கு முன் கள ஆய்வு உண்டா? உயரக் கட்டுப்பாடு எவ்வளவு? அளவில் தவறு வந்தால் பொறுப்பு வீட்டுக்காரருக்கா, நமக்கா? எங்கள் தொழில்நுட்பத் துணைக்குழுவில் இருந்த நான்கு பேர் அரசாணையையும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். ஒரு வரைபடத்தை எடுத்து, படிப்படியாக எப்படி ஏற்றுவது என்று திரைக்காட்சிகளோடு இரண்டு பக்கக் குறிப்பு தயாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு வைத்தபோது, ஆண்டு விழாவுக்குக்கூட வராதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த நான்கு பேரில் செயற்குழு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

துணைக்குழுவின் குறைகளும் சின்னவை அல்ல. பணம் செலவழிக்க அதிகாரம் கிடையாது. ப்ரொஜெக்டர் வாடகைக்குக்கூடச் செயலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். வேலை செய்தவர் ஒருவர், மேடையில் சால்வை வாங்குபவர் இன்னொருவர் என்பது அடிக்கடி நடக்கும். அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவருக்கு இந்த இடம் கசக்கும்.

மூன்றாவது செயற்குழு. இங்கே சட்டம் உள்ளே வருகிறது. நம் ஊர்ச் சங்கங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவானவை. சங்கத்தை நடத்தக் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். ஒரு குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். தேர்வான நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் எல்லாம் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளரிடம் போய்ச் சேரும். தணிக்கை செய்த கணக்கும் ஆண்டுதோறும் அங்கே தாக்கலாக வேண்டும். நேற்றுவரை நண்பர்கள் குழு போல இருந்தது, உங்கள் பெயர் அந்தப் படிவத்தில் ஏறிய நாள்முதல் பதில் சொல்லவேண்டிய பொறுப்பாகிவிடுகிறது.

செயற்குழுவுக்குள்ளும் எல்லாப் பதவியும் ஒன்றல்ல. பலர் பாதுகாப்பானது என்று நினைத்து ஏற்கும் 'செயற்குழு உறுப்பினர்' என்ற வெறும் பதவியைத்தான் நான் கடைசியில் வைப்பேன். மாதக் கூட்டத்துக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதோடு வேலை முடிகிறது. கணக்கைப் பார்ப்பதில்லை, கடிதங்களைப் பார்ப்பதில்லை, ஆனால் முடிவுகளுக்கு நீங்களும் உடந்தை. தகவல் இல்லாமல் பொறுப்பு மட்டும் ஏற்பது யாருக்கும் நல்லதல்ல.

அதற்குப் பதில் பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். கடினம்தான், ஆனால் ஒரே ஆண்டில் சங்கத்தின் நாடியே கைக்கு வந்துவிடும். கண்காட்சிக்கு ஒரு நிறுவனம் ஸ்பான்சர் தொகை தருகிறது என்று வையுங்கள். அவர்கள் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். அப்போது சங்கத்தின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் நிர்வாகி யாராவது தன் சொந்த பான் எண்ணைக் கொடுத்தால், அந்தத் தொகை அவருடைய வருமானமாக, வருமான வரித் துறையின் வரிப்பிடித்த விவரமான 26ஏஎஸ் படிவத்தில் வந்து நிற்கும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கி வரவு, 26ஏஎஸ் மூன்றையும் மாதாமாதம் ஒப்பிட்டால் இதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கண்டுபிடித்தால், திருத்தச் சொல்லி அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவைத் துரத்த வேண்டியிருக்கும்.

செயலாளர் பதவி தினசரி நேரத்தைத் தின்னும். அழைப்புக் கடிதம், தீர்மானம், பதிவாளர் அலுவலகம், மாநிலச் சங்கத்தின் சுற்றறிக்கை என்று ஃபோன் ஓயாது. சொந்த அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இல்லாதவர் இதை எடுக்க வேண்டாம். அப்படி எடுத்தவர்களின் சைட் வேலை தேங்கியதைக் கண்டிருக்கிறேன். தலைவர் பதவியைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. மற்ற இரண்டில் ஒன்றையாவது பார்த்தவர்தான் அங்கே போக வேண்டும்.

பெண் பொறியாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தன்னார்வலராக வரும்போது உங்களை வரவேற்புக் குழுவுக்கும் பரிசுத் தட்டு ஏந்துவதற்கும் அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. அன்போடு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். தொழில்நுட்பத் துணைக்குழுவில் இடம் கேளுங்கள், அடுத்த தேர்தலில் பொருளாளருக்கு வேட்புமனு கொடுங்கள். ஒருவர் கேட்டு வாங்கினால் அடுத்து வருபவர்களுக்கு வழி திறக்கும்.

ஆக, ஊருக்கோ தொழிலுக்கோ புதியவர் நிகழ்ச்சி வேலையில் தொடங்கலாம். ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர் நேராகத் துணைக்குழுவுக்குப் போகலாம்; அங்கே ஓராண்டு இருந்தால், யார் வேலை செய்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் செயற்குழு.

வேட்புமனுவில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை, பதிவாளரிடம் கடைசியாகத் தாக்கல் செய்த படிவம் 7இன் நகல், தீர்மானப் புத்தகம். படிவம் 7இல் பழைய நிர்வாகிகள் பெயரே இருந்தால், வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றுவதற்கே நீங்கள் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். அந்த பாக்கியை முடித்துக் கொடுத்த பிறகு பொறுப்பேற்கிறேன் என்று இப்போதைய நிர்வாகிகளிடம் நேரடியாகவே சொல்லுங்கள்.