பட்டன் வகை வயிற்றுக் குழாய்: தூக்கம் கொஞ்சம் திரும்பும்

வயிற்றுத் துளை வழியே உணவு பெறும் குழந்தைகளுக்கு, தொங்கும் நீளக் குழாயைவிடத் தோலோடு ஒட்டி நிற்கும் பட்டன் வகை மேல். புரண்டு படுத்தாலும் எளிதில் இழுபடாது. ராத்திரி முழுக்கப் போர்வையை விலக்கி விலக்கிப் பார்க்கும் பெற்றோருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

பயம் முழுசாகப் போகாது. உள்ளே பிடித்து நிற்பது சின்ன பலூன்தான். 14 பிரெஞ்ச் அளவில் (பிரெஞ்ச் என்பது குழாயின் தடிமனைக் குறிக்கும் அலகு) பலூனுக்குள் பெரும்பாலும் 5 மி.லி. காய்ச்சி வடித்த நீர். வாரம் ஒருமுறை சிரிஞ்சால் இழுத்து அளக்க வேண்டும், குறைந்துகொண்டே போனால் பலூன் கசிகிறது. உப்புநீர் வேண்டாம், படிகம் கட்டி வால்வை அடைக்கும். பட்டன் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். மாற்றுப் பட்டன் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். துளை போட்டுச் சில வாரமே ஆன குழந்தைக்கு மட்டும் நீங்களே திரும்பச் செருகாதீர்கள், நேரே மருத்துவமனைதான்.

ராகிக் கஞ்சியை வடிகட்டாமல் விட்டால், உணவு கொடுக்கும்போது பட்டனில் மாட்டும் இணைப்புக் குழாய் அடைபடும்.

விற்பவர் சொல்லாத ஒன்று: இதைக் கையாள அம்மாவுக்கு மட்டுமே தெரிந்தால், அவர் ஒரு கல்யாணத்துக்கோ துக்க வீட்டுக்கோ கூடப் போக முடியாது. பொருத்தும் அன்றே அப்பாவோ பாட்டியோ செவிலியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.