தகுதிகாண் விரிவுரையாளரா, திட்ட ஆய்வு உதவியாளரா?

இலங்கையில் 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் போன்ற இடங்களில் சுகாதார ஆய்வுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு.

தகுதிகாண் விரிவுரையாளர் பதவி நிரந்தரத்துக்கு வழி. பட்டத்தில் நல்ல வகுப்புச் சித்தி வேண்டும்; வெற்றிடமோ எப்போதாவதுதான் வரும். படிப்பு விடுமுறைக்கு ஒப்பந்தமும் பிணையாளர்களும் தேவை. குறித்த காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடிக்காவிட்டால் பதவி நிலைக்காது.

ஆய்வு உதவியாளர் வேலை திட்டநிதியோடு முடிந்துவிடும். ஆனாலும் கைப்பழக்கம் அங்கேதான் வரும். அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இரத்தச்சோகை ஆய்வு என்று வையுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன் ஒரு துளி இரத்தமும் எடுக்கக் கூடாது. பகலில் போனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கதவுகள் பூட்டிக்கிடக்கும். மாலையில் கொழுந்தை எடைபோட்டு முடித்தபின் போங்கள். வாசிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு மட்டும் போதாது: ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் முன்னிலையில் படிவத்தை வாசித்துக் காட்டி, அவரிடமும் ஒப்பம் வாங்க வேண்டும். தோட்ட முகாமையாளரான துரை தந்த அனுமதி தொழிலாளியின் சம்மதம் ஆகாது.

சேருமுன் எம்.பில். என்ற ஆய்வுப் பட்டத்துக்கான பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவது, கட்டுரையில் பெயர் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். தமிழ் தெரியுமென்பதற்காகத் தரவு திரட்ட மட்டும் வைத்துக்கொண்டால் பகுப்பாய்வு கைக்கு வராது. அதைக் கற்றுத்தரும் திட்டமென்றால், புதுப் பட்டதாரி முதலில் உதவியாளர் வேலையையே எடுக்கலாம். விரிவுரையாளர் நேர்முகப் பரீட்சையில் அந்த வெளியீடுகள் கைகொடுக்கும்.