லாங்ரீச்சா, விண்டனா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மையமேற்குப் பகுதிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லாங்ரீச் ஊரோடு திரும்பிவிடுகிறார்கள். காரணம் புரிகிறது: பிரிஸ்பேனிலிருந்து விமானமும் ரயிலும் அங்கே நேராகப் போகின்றன, தங்க இடமும் தாராளம். தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர், தாம்சன் ஆற்றில் மாலைப் படகு, உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய 747 விமானம் நிற்கும் குவாண்டஸ் விமான நிறுவன அருங்காட்சியகம். குழந்தைகளோடு போனால் லாங்ரீச்தான் வசதி, அதில் சந்தேகமில்லை.

ஆனால் வடமேற்கே சுமார் 180 கிலோமீட்டரில் இருக்கும் விண்டனை விட்டுவிடாதீர்கள். ஊர் சின்னதுதான், குழாயில் வரும் ஆர்ட்டீசியன் நீரில், அதாவது ஆழத்திலிருந்து தன் அழுத்தத்தாலேயே மேலேறும் நிலத்தடி நீரில், கந்தக வாடை அடிக்கும் (குளிக்கும்போதுதான் முகத்தில் அறையும், அப்புறம் பழகிவிடும்), ஆனாலும் 1920இல் குவாண்டஸ் பதிவானது இந்த ஊரில்தான். அதைவிடப் பெரிய விஷயம், ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் லார்க் குவாரி: ஏறக்குறைய 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றில் பதிந்த 3,000க்கும் மேற்பட்ட டைனோசர் காலடிகள். பெரிய டைனோசருக்குப் பயந்து சின்னவை கும்பலாக ஓடிய தடம் என்று முதலில் சொன்னார்கள், ஆற்றோட்டத்தில் நீந்தியவையாக இருக்கலாம் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

நிலமும் வேறுபடுகிறது. லாங்ரீச்சைச் சுற்றி மிட்சல் புல் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும், விண்டன் பக்கம் அதே சமவெளியிலிருந்து செம்பாறை மேடுகள் திடீரென்று எழும்பும். எனக்கு விண்டன்தான். மழைக்காலத்தில் மட்டும் சாலை நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நனைந்த கரிசல் மண்ணில் வண்டி நகராது.