அமேசானில் சேர்வோருக்கு: ஏடபிள்யூஎஸ்ஸா, இணைய வணிகமா?

அமேசானில் மென்பொருள் பொறியாளராகச் சேர இருப்பவர், மேகக் கணிமைப் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸையும் இணைய வணிகப் பிரிவையும் ஒப்பிடும்போது முதலில் லாபக் கணக்கைப் பார்ப்பது நல்லது. 2024-இல் நிறுவனத்தின் மொத்த வருவாயான ஏறத்தாழ 638 பில்லியன் டாலரில் ஏடபிள்யூஎஸ் ஈட்டியது 108 பில்லியனுக்குள் அடங்கிவிட்டபோதிலும், செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கும் மேல் அதனிடமிருந்தே வந்தது.

2006-இல் எஸ்3 (தரவுச் சேமிப்பு), இசி2 (வாடகைக் கணினித் திறன்) ஆகிய சேவைகளை வெளியிட்ட இப்பிரிவில், வாடிக்கையாளரும் பெரும்பாலும் பொறியாளரே. வெளியிட்ட இடைமுகத்தை, அதாவது பிற மென்பொருள்கள் ஒரு சேவையை அழைக்கும் வழியை, அதை நம்பியிருப்போருக்குப் பாதிப்பின்றி மாற்றுவது கடினம் என்பதால், வடிவமைப்பில் நிதானமும், பல கணினிகளில் பரவி இயங்கும் அமைப்புகளைப் பற்றிய ஆழ்ந்த அறிவும் இங்கு வளரும். அந்த அறிவுக்கு வெளியிலும் மதிப்புண்டு. ஆனால் ஒரு சேவை முடங்கினால் பிற நிறுவனங்களின் தளங்களும் சேர்ந்தே முடங்கும். முறைப்பணியில், அதாவது கோளாறு நேர்ந்தால் எந்நேரமும் சரிசெய்யும் சுழற்சிமுறைப் பொறுப்பில், இருப்பவருக்கு அன்று உறக்கமில்லை.

வணிகப் பிரிவிலும் முறைப்பணி உண்டு. எனினும் பிரைம் டே போன்ற விற்பனை நாள்களின் நெருக்கடி முன்கூட்டியே தெரிந்தது. தேடலிலோ பரிந்துரையிலோ செய்யும் மாற்றத்தை வாடிக்கையாளரில் ஒரு பகுதியினரிடம் சோதித்து, விளைவை விரைவில் காண முடிவது இதன் தனிச்சிறப்பு.

அடித்தளத் தொழில்நுட்பத்தில் நிலைக்க விரும்பும் புதியவருக்கு ஏடபிள்யூஎஸ்ஸையே பரிந்துரைப்பேன். ஆயினும் குறிப்பிட்ட குழுவின் முறைப்பணிச் சுமையை நேர்காணலிலேயே கேட்டறிவது அவசியம்.