ரிக்கோ ஜிஆர் 3: சுற்றுலாவுக்கு எடுத்துப்போகலாமா?

சுற்றுலாப் படங்களில் அதிகம் காணும் குறை இதுதான்: பெரிய கட்டடத்தின் அடியில் நம் ஆள் எறும்பளவு நிற்பார், முகமே தெரியாது. ரிக்கோ ஜிஆர் 3 என்ற சிறிய கேமரா இந்தக் குறையைத் தீர்க்கும், ஆனால் கொஞ்சம் கண்டிப்போடு. இதில் ஜூம் கிடையாது. 28 மி.மீ.க்கு நிகரான, அகலக் காட்சி தரும் எஃப்/2.8 (துளையின் அளவு) லென்ஸ் ஒன்றுதான். கிட்டே போனால் ஒழிய நல்ல படம் கிடைக்காது.

2019-ல் வெளிவந்த இந்தக் கேமராவின் எடை பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். பேண்ட் பாக்கெட்டில் அடங்கும் உடலுக்குள் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கிறது. செல்போன் சென்சாரைவிட இது பல மடங்கு பெரியது. அதனால் ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) நிழல் விழுந்த முகத்தை வெளிச்சமாக்கினாலும் தோல் நிறம் அவ்வளவாகக் கெடாது.

ஆளைக் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள். கிடைவாக்கில் எடுத்தால் தொடைக்கு மேலே வருவார், பின்னால் கட்டடமும் கம்பீரமாக நிற்கும். கட்டடத்தின் உச்சி வெட்டுப்பட்டால் கேமராவை மேலே சாய்க்காதீர்கள். சுவர்கள் பின்பக்கம் சரிவதுபோல் விழும். அதற்குப் பதில் நீங்களும் அவரும் அதே இடைவெளியோடு கட்டடத்திலிருந்து விலகி வாருங்கள். ஆளின் அளவு மாறாது, கட்டடம் மட்டும் சட்டகத்துக்குள் அடங்கிவிடும். முகம் ஓரத்துக்குப் போக விடக்கூடாது; அகல லென்ஸில் ஓரத்து முகம் இழுபட்டுக் கோணலாகும்.

இந்தக் கேமராவை வாங்கச் சொல்ல எனக்கு முதல் காரணம் ஸ்னாப் ஃபோகஸ், அதாவது முன்பே குறித்த தூரத்தில் ஃபோகஸை நிறுத்தும் வசதி. எஃப்/8, ஸ்னாப் தூரம் 2.5 மீட்டர் என்று வைத்தால், சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை போதுமான தெளிவு கிடைக்கும். ‘ஃபுல் பிரஸ் ஸ்னாப்’ வசதியை இயக்கிவிட்டு ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால், ஃபோகஸ் தேடாமல் உடனே படம் விழும். ஓடும் குழந்தை, சட்டென மலரும் சிரிப்பு எல்லாம் அப்படித்தான் மாட்டும். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 நொடி என்று சேர்த்து யூ1 என்ற, நம் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில் சேமியுங்கள். உள்ளரங்குக்கு எஃப்/2.8, ஆட்டோஃபோகஸ், 1/125 நொடி என்று யூ2-இல் வையுங்கள். இதை ஊரைவிட்டுக் கிளம்புமுன் செய்துவிட வேண்டும். போன இடத்தில் மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தால் காட்சி போய்விடும்.

அதிர்வுத் தடுப்பு மூன்று அச்சுகளில் வேலை செய்கிறது. இரவில் ஆளில்லாத் தெருவை 1/8 நொடியில் கையில் பிடித்தே எடுக்கலாம். ஆள் அசைந்தால் அது உதவாது, ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும்.

உச்சிவெயில்தான் இதற்குச் சோதனை. ஃபிளாஷ் உள்ளே இல்லை. கண்ணுக்குக் கீழ் விழும் கறுப்பைப் போக்கத் தனி ஃபிளாஷ் மாட்ட வேண்டும். ஆளை நிழலின் விளிம்புக்குள் நகர்த்துவது அதைவிட எளிது. வானம் வெளுத்துப்போனால், பிரகாசமான பகுதியைக் காக்கும் ‘ஹைலைட்’ அளவீட்டுக்கு மாற்றி எடுத்து, இருண்ட பகுதியைப் பிறகு ரா கோப்பில் தூக்கலாம்.

பேட்டரி பலவீனமானது. ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 200 படங்கள்தான். கூடுதலாக இரண்டு டிபி-110 பேட்டரிகள் கட்டாயம் வேண்டும். யூஎஸ்பி-சி வழியே பவர்பேங்கிலும் ஏற்றலாம் என்பது ஆறுதல்.

தூசியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். உடலுக்குத் தூசி, நீர்க் காப்பு இல்லை. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது துகளும் கூடவே போகலாம். காற்றில் மணல் பறக்கும் கடற்கரையில் ஆன் செய்யாதீர்கள். பாக்கெட்டில் போடுவதற்கு முன் சிறிய ஜிப் உறையில் வையுங்கள். எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி என்று அர்த்தம்.

மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். வீடியோ 1080 வரைதான், 4கே இல்லை. தூரத்துப் பறவையும் மேடை நிகழ்ச்சியும் முக்கியமென்றால் இது வேண்டாம். 50 மி.மீ. அளவுக்கு வெட்டும் வசதி உண்டு, ஆனால் மிஞ்சுவது சுமார் 7 மெகாபிக்சல்.

முகங்களையும் சாப்பாட்டு மேசையையும் அதிகம் எடுப்பவர்கள் 2021-ல் வந்த 40 மி.மீ. ஜிஆர் 3எக்ஸைப் பாருங்கள். குறுகிய சந்து, சிறிய அறை, உயரமான கட்டடம் என்று போகிறவர்களுக்கு இந்த 28 மி.மீ. மாடலே சரி.