மானியக் கோரிக்கையைக் கேள்வி கேட்பது யார்? கோட்டை, டெல்லி, கேரளம்: ஓர் ஒப்பீடு

சென்னையில் பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் செய்தி முழுக்கப் புது அறிவிப்புகள்தான். போன வருடம் ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று உட்கார்ந்து கேட்கிற இடம் எது? இதற்கு இந்தியாவிலேயே சில வழிகள் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் நம்மிடம் எது இல்லை என்று தெரிந்துவிடும்.

முதலில் நம் கோட்டை, அதாவது புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் தமிழகச் சட்டப்பேரவை. துறைக்கு ஒரு நாள் என்று வைத்து மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறை தன் செலவுக்குப் பணம் கேட்டு அவையின் ஒப்புதலுக்கு வைப்பது, வருகிறது, அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறார், உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் (கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுத்துப் பேசுகிறார்கள், பதிலுரை, வாக்கெடுப்பு, முடிந்தது. இதில் ஒரு பெரிய நல்லது உண்டு: அமைச்சரே அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் 2018-லும் 2023-லும் அத்தனை மானியக் கோரிக்கைகளையும் ஒரு நாள்கூட விவாதிக்காமல் ‘கில்லட்டின்’ போட்டு, அதாவது விவாதத்தை வெட்டி நேரே வாக்கெடுப்புக்கு விட்டு, மொத்தமாக நிறைவேற்றினார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் முறை எவ்வளவோ மேல். ஆனால் ஒரு உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் தொகுதிக் கோரிக்கையைச் சொல்லவே நேரம் சரியாகிவிடுகிறது, துறைச் செயலாளரை உட்கார வைத்துக் கணக்குக் கேட்க அந்த அவையில் வழியே கிடையாது. பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ படிக்கும் அறிவிப்புகள் மீது விவாதமே இல்லை. அறிவித்தது நடந்ததா என்று பின்னால் பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, சரி, ஆனால் அது கொடுத்த வாக்கைத் துரத்துகிற வேலை. பணம் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்ற கேள்வி வேறு.

டெல்லியில் அவைக்குள் விவாதம் மெலிந்துவிட்டாலும் துறைவாரியாக எம்.பி.க்கள் உட்காரும் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. 1993-இல் 17 குழுக்களாகத் தொடங்கி 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. வாக்கெடுப்புக்கு முன்பே துறைச் செயலாளரைக் கூப்பிட்டு, போன ஆண்டுப் பணம் ஏன் மீதமானது, இந்த ஆண்டு ஏன் கூடுதலாகக் கேட்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். கட்சி பார்க்காமல் பேச முடிகிற அபூர்வமான இடம் அது. குறை என்னவென்றால் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கிறது, பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

பக்கத்தில் கேரளம் இதை டெல்லிக்கு முன்பே, 1980-லேயே செய்துவிட்டது. துறைவாரியான குழுக்கள் மானியக் கோரிக்கைகளை அலசிவிட்டுத்தான் அவைக்கு அனுப்புகின்றன. ஆனால் அங்கே குழுவுக்குத் தலைவர் அந்தத் துறை அமைச்சரே! கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே கூட்டத்தை நடத்தினால் அதன் கூர்மை பாதி போய்விடும் என்பதுதான் என் கருத்து.

அப்புறம், செலவான பின் பார்க்கும் வழி: அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை, அதை ஆராயும் பேரவையின் பொதுக் கணக்குக் குழு. ஆதாரத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு வழி இல்லை, கோப்புகளைப் புரட்டி எழுதுவது. ஆனால் காலம்? 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்த விதத்தைக் கடுமையாகக் குறை சொன்ன சி.ஏ.ஜி.யின் செயல்திறன் தணிக்கை அறிக்கை பேரவைக்கு வந்தது 2018 ஜூலையில். இடையே இரண்டு மழைக்காலம் போயிருந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வந்த மக்களுக்கு இந்தத் தாமதம் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு வழி, அரசு தன்னைத் தானே அளந்துகொள்வது. செலவால் என்ன பலன் கிடைத்தது என்று சொல்லும் விளைவு சார்ந்த பட்ஜெட்டை மத்திய அரசு 2005-இல் தொடங்கியது. இங்கே மாநிலத் திட்டக் குழு ஆய்வுகள் செய்கிறது. மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது அதன் ஆய்வு. நல்ல செய்திதான், இப்படி அளப்பதையும் வரவேற்கிறேன். ஆனால் அந்தக் குழுவின் தலைவர் முதலமைச்சர். யாரைக் கேட்டார்கள், எந்த ஊரில் கேட்டார்கள், பேருந்தே வராத கிராமத்துப் பெண்ணுக்கு என்ன மிச்சம் என்றெல்லாம் ஆய்வு செய்தவர்களிடமே எம்.எல்.ஏ.க்கள் குறுக்குக் கேள்வி கேட்டால்தான் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பு வரும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். உள்ளூர் விளையாட்டு வசதிகளுக்கான 10 கோடி டாலர் மானியத் திட்டம் ஒன்றில், விளையாட்டு ஆணையம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திய விண்ணப்பங்களைத் தாண்டி, இழுபறித் தொகுதிகள் மீது கண் வைத்து அமைச்சர் அலுவலகம் தேர்வு செய்தது என்று 2020 ஜனவரியில் தணிக்கை அறிக்கை சொன்னது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் இதற்கென்றே குழு அமைத்து விசாரித்தது. மானியம் பெற்ற ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் தான் உறுப்பினர் என்பதைத் தெரிவிக்காததற்காக அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி பிப்ரவரியில் பதவி விலகினார். அங்கே அரசின் செலவுக் கணக்கை அதிகாரிகளிடம் கேட்கும் செனட்டின் மதிப்பீட்டு விசாரணைகள் பொதுமக்கள் பார்க்கத் திறந்தே நடக்கின்றன. தணிக்கையும் குழுவும் கை கோத்தால் மாதக் கணக்கில் பதில் வரும், வருடக் கணக்கு ஆகாது.

ஆக என் தேர்வு இதுதான்: கேரளம் மாதிரி துறைவாரிக் குழு, டெல்லி மாதிரி அமைச்சர் இல்லாமல், ஆஸ்திரேலியா மாதிரி கதவைத் திறந்து வைத்து. கோட்டையின் அவை விவாதத்தை விட்டுக்கொடுக்கவே வேண்டாம், குழு அறிக்கை கையில் இருந்தால் அந்தச் சில நிமிடப் பேச்சுக்கே பலம் கூடும். 234 பேரில் அமைச்சர்களை விட்டுவிட்டாலும் குழுக்களுக்கு ஆள் இருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்தவும் தேவையில்லை, 208-ஆவது பிரிவின்படி பேரவை தன் நடைமுறை விதிகளைத் தானே மாற்றிக்கொள்ளலாம். எல்லாத் துறைக்கும் ஒரேயடியாக முடியாது என்றால் நகராட்சி நிர்வாகத்தில் தொடங்கட்டும். மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எந்தத் தெருவில் முடிந்தது, எந்தத் தெருவில் நிற்கிறது என்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.