ஃபைபர் பாடி யாரிடம் வாங்கியிருக்கலாம்: கிளாஸ்பாரா, டெவினா, மேங்க்ஸா?

ஐம்பது, அறுபதுகளில் அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே கார் கட்ட நினைத்தவர்கள், பழைய காரின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் மாட்ட ஃபைபர்கிளாஸ் பாடியை மட்டும் கடையில் வாங்கினார்கள். இரும்புத் தகட்டில் கார் பாடி செய்ய பெரிய பிரஸ், டை, அதற்கேற்ற முதல் எல்லாம் வேண்டும். ஃபைபர்கிளாஸுக்கு ஒரு ஷெட் போதும். மாதிரி ஒன்றின் மேல் மெழுகு தடவி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் மறுபடி மெழுகு, அப்புறம் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு, அதன்மேல் கண்ணாடி இழைப் பாய். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த ரெசின் என்ற பசைத் திரவத்தில் பாயை நன்றாக ஊற வைத்து, ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டுகிறார்கள். இறுகியதும் கொழுக்கட்டை மாதிரி அச்சிலிருந்து கழன்று வந்துவிடும்.

சிக்கலும் இங்கேதான். நீங்கள் விற்ற பாடியையே மாதிரியாக வைத்து இன்னொருவன் அச்சு எடுத்துவிடலாம். பழைய கார்களை வேகத்துக்காக மாற்றிக் கட்டுகிற அமெரிக்க ஹாட் ராட்காரர்கள் இதை ‘ஸ்பிளாஷ்’ என்பார்கள். தெற்கு கலிபோர்னியாவின் மூன்று ஃபைபர் கடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மூன்றின் கதையிலும் இந்த ஸ்பிளாஷோ, அதற்குப் பக்கத்து வீட்டுச் சங்கதியோ தலை காட்டுகிறது.

முதலில் கிளாஸ்பார். பில் டிரிட் படகு கட்டுகிறவர். கென் புரூக்ஸ் என்ற விமானப்படை மேஜர் மனைவிக்கு ஒரு ஜீப் வாங்கிக் கொடுக்க, அதன் மூஞ்சி அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டிரிட் அதற்கு ஃபைபரில் திறந்த ஸ்போர்ட்ஸ் பாடி செய்து கொடுத்தார். ‘புரூக்ஸ் பாக்ஸர்’ என்ற பெயரில் 1951-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் அது நின்றது. அடுத்த ஆண்டே ‘லைஃப்’ பத்திரிகை பிளாஸ்டிக் கார்களைப் பற்றி எழுதியது. அந்த வடிவம்தான் ஜி2. ரெசின் விற்ற நாகடக் கெமிக்கல் ஒரு ஜி2-வை வாங்கி, ஜெனரல் மோட்டார்ஸிடம் கொண்டுபோய்க் காட்டியது. 1953-ல் ஃபைபர் பாடியோடு அந்தக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட் வந்தது, விலை 3,498 டாலர். கார்வெட்டுக்கு விதை ஜி2தான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் ரெசின் கம்பெனி கதவைத் தட்டிய நேரம் சரியான நேரம் என்பதில் சந்தேகமில்லை.

ஜி2 பாடி 650 டாலர். பழைய ஃபோர்டு, மெர்குரியின் இன்ஜின், ஆக்ஸில்களை அதற்கடியில் போட்டுக்கொள்ளலாம். அழகான உருண்டை வடிவம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே அளவுதான். உங்கள் சேசிஸ்தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

டெவின் கெட்டிக்காரத்தனம் காட்டியது இங்கேதான். எல் மான்டேயில் கடை போட்ட பில் டெவின் பந்தயக்காரர். பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் வரை போய் வந்தவர், ஃபெராரிகளை வாங்கி விற்றவர். அவர் ஒரே அச்சு வைத்துக்கொள்ளவில்லை. சுமார் 50 துண்டுகளாக அச்சு செய்து, அவற்றை மாற்றி மாற்றிக் கோத்து 27 அளவுகளில் பாடி எடுத்தார். உங்களிடம் இருப்பது குட்டி ஐரோப்பியக் காரின் சேசிஸா, அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) வைத்த நீளச் சட்டமா? அளவைச் சொன்னால் போதும். விலை 295 டாலர், அதாவது ஜி2-வில் பாதிக்கும் குறைவு. வடிவமோ அசல் இத்தாலியப் பந்தயக் கார். காரணம், இத்தாலிய பாடி கட்டுநர் ஸ்காலியெட்டி பாடி போட்ட எர்மினி என்ற இத்தாலியப் பந்தயக் காரிலிருந்து டெவின் அச்செடுத்த வடிவம் அது! இதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

வருவது வெறும் ஓடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கதவு சரியாக மூடுவது, கண்ணாடி, விளக்கு, வயரிங், ரேடியேட்டர் எல்லாம் வாங்கியவர் பாடு. வெல்டிங் தெரிந்தவன் வீட்டில்தான் இது ரோட்டுக்கு வரும். அந்தக் குறையைப் போக்க டெவின் முழுக் காரும் செய்து பார்த்தார். பெல்ஃபாஸ்டில் செய்த சேசிஸ், கார்வெட்டின் 283 கன அங்குல வி8: அதுதான் டெவின் எஸ்எஸ். வேகம் பிரமாதம், விலை 5,950 டாலர். 295 டாலருக்கு வந்த கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அறுபதுகளிலேயே கடை மூடியது. ஓடு விற்பதோடு நின்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது மேயர்ஸ் மேங்க்ஸ். புரூஸ் மேயர்ஸும் படகுக்காரர். 1964-ல் மணல்மேட்டில் ஓட்டுவதற்கென்று முதல் வண்டியைச் செய்தார். அதில் ஃபைபர் தொட்டியே சட்டமும்கூட. செய்வது கஷ்டம், விலையும் அதிகம் என்பதால் ஒரு டஜனோடு அதை நிறுத்திவிட்டு, பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலின் தரைச்சட்டத்தை 14½ அங்குலம் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் போல்ட் போட்டு மாட்டுகிற பாடிக்கு மாறினார். கராஜில் உள்ளவனுக்கு இதைவிட எளிய வழி அன்று கிடையாது. இன்ஜின், கியர், ஸ்டீரிங் எல்லாம் பீட்டிலோடு வந்துவிடும். 1967-ல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தை 35 மணி நேரத்துக்குள் கடந்து காட்டியதும் ஆர்டர்கள் குவிந்தன.

கூடவே நகல்களும் குவிந்தன. மேயர்ஸிடம் காப்புரிமை இருந்தது. கோர்ட்டில் அது நிற்கவில்லை. அவர் விற்றது ஆறாயிரத்தை ஒட்டி, உலகமெங்கும் வந்த நகல்கள் இரண்டரை லட்சம் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1971-ல் கம்பெனி மூடியது. மூவரில் அதிகம் இழந்தவர் இவர்தான்.

மூடாமல் நின்ற கடை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்து ஸ்பீட்வே மோட்டார்ஸ். 1952-ல் பில் ஸ்மித் 300 டாலர் கடனில் தொடங்கியது, கடன் கொடுத்தவர் அவர் மனைவி ஜாய்ஸ். டி-பக்கெட் என்ற குட்டி ஹாட் ராடுக்கான ஃபைபர் பாடியை அவர்களும் விற்றார்கள். பழைய ஃபோர்டு மாடல் டி-யின் வடிவம், புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு சட்டம், முன் ஆக்ஸில், ஸ்டீரிங், கடைசி போல்ட் வரை ஒரே கேட்டலாக்கில் கிடைத்தது. பாடியை எவனும் ஸ்பிளாஷ் எடுக்கலாம். கேட்டலாக்கை அப்படி எடுக்க முடியாது. கிளாஸ்பார்கூட ஐம்பதுகளின் நடுவில் காரை விட்டுவிட்டுப் படகில் காலூன்றித்தான் பிழைத்தது.

என் கணக்கு இப்படி. அழகுக்கும் காசுக்கும் டெவின், ஆனால் கையில் வெல்டிங் இருக்க வேண்டும். குறைந்த வேலையில் முடித்து ஓட்ட வேண்டுமென்றால் மேங்க்ஸ். கல்யாணம் ஆகி, வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருந்தால் ஸ்பீட்வேயின் டி. பாகம் கிடைக்கவில்லை என்று வண்டி வருஷக்கணக்கில் கராஜில் தூங்காது. ஜி2-வை 650 டாலருக்கு நான் வாங்கியிருக்க மாட்டேன்.